பொங்கல் லீவுக்கு பறவை பாக்க வடுவூரா, கோடியக்கரையா? பொண்ணுக்கு 12 வயசு

பாவுநூல் (திருபுவனம்):

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இதான் மொதல் கேள்வி, தப்பா ஏதும் கேட்டுட்டா மன்னிச்சிடுங்க. எங்க பொண்ணு ஏழாவது படிக்கிறா. ஸ்கூல்ல எக்கோ கிளப்ல நம்ம பகுதி பறவைங்களும் அதோட வாழிடமும்னு ஒரு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க, பக்கத்துல இருக்க சரணாலயம் ஏதாவது ஒண்ணுக்கு போயி நேர்ல பாத்துட்டு வந்து எழுதணுமாம், நெட்ல இருந்து காப்பி அடிச்சா மார்க் கெடையாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க.

போன மே மாசம் ஒரு சரணாலயத்துக்கு கூட்டிட்டு போனோம், பேரு வேணாம். பஸ் மாறி மாறி கொளுத்துற வெயில்ல போயி எறங்குனா ஏரி பாளம் பாளமா வெடிச்சு கெடக்கு. கேட்டுகிட்ட போர்டுல மட்டும் வரிசையா பறவை படம், உள்ள ஆடு மேயுது. அவ வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. அதனால இந்த தடவ கேட்டுட்டு போலாம்னு.

பொங்கல் லீவுல ரெண்டு நாள் கெடைக்கும், நாங்க தறி வீடு, அதுக்கு மேல முடியாது. வடுவூர் பக்கம்னு சொல்றாங்க, கோடியக்கரைல பூநாரை வரும்னு சொல்றாங்க, அவளுக்கு பூநாரைதான் வேணுமாம். கார் எல்லாம் இல்ல, பஸ்தான். பைனாகுலர் வாங்கணுமா, வாங்குனா எது? போனா கண்டிப்பா பாக்கலாம்னு எந்த எடத்த சொல்லலாம்?

---

மன்னை ஆள்காட்டி:

வாங்க சிஸ்டர். மொதல்ல ஒண்ணு, கண்டிப்பா பாக்கலாம்னு எந்த எடத்தையும் எவனாலயும் சொல்ல முடியாது, அப்டி சொல்றவன் ஜூல டிக்கெட் குடுக்கறவனா இருப்பான். ஆனா ஜனவரி நீங்க கேக்கறதுலயே பெஸ்ட்டு மாசம், அதுல டவுட்டே வேணாம்.

எந்த பறவை எங்க இருக்கும்னு தேடாதீங்க, எந்த மாதிரி எடத்துல என்ன நிக்கும்னு பாருங்க, பாப்பா ப்ராஜெக்டும் அதுதானே. வடுவூர் ஒரு பாசன ஏரி. 1999ல சரணாலயம் ஆக்குனாங்க, 2022ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) வந்துச்சு, 112 ஹெக்டேர் சொச்சம். தஞ்சாவூர் மன்னார்குடி ரோட்டு மேலயே இருக்கு, பஸ்ஸ விட்டு எறங்குனா ஏரி. நீங்க கும்மோணத்துல இருந்து மன்னார்குடி வந்துட்டு தஞ்சாவூர் பஸ் ஏறுனா போதும். குழந்தைய வெச்சிகிட்டு பஸ்ல போறவங்களுக்கு டெல்டாவுல இத விட ஈசி எடம் இல்ல.

அங்க போனா ஏரிய மொத்தமா பாக்காம மூணு பட்டையா பிரிச்சு பாக்க சொல்லுங்க. நடுவுல ஆழம், அங்க நீர்க்காகம், முக்குளிப்பான், ஊசிவால் வாத்து, நாமக்கோழி மாதிரி நீந்துற கோஷ்டி. அதுக்கு இந்தாண்ட தாமரை அல்லி கோரை இருக்க பகுதி, அங்க நீலத்தாழைக்கோழி, இலைக்கோழி. இலைக்கோழிக்கு வெரல் அவ்ளோ நீளம், இலை மேல நடந்தா வெயிட்டு பரவிடும், முழுகாது. நீளவால் இலைக்கோழில ஆண்தான் அடைகாக்கும், பொட்டை முட்டைய போட்டுட்டு அடுத்த ஜோடி தேடி போயிடும், இத சொன்னா பாப்பா கண்டிப்பா எழுதும். அப்பறம் கரையோரம் சேறும் கால் அளவு தண்ணியும், அங்கதான் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், உள்ளான் வகையறா. ஒரே ஏரி, ஒவ்வொரு பட்டைக்கும் வேற வேற ஆளுங்க. நான் கூட்டிட்டு போற பசங்க கிட்ட இததான் மொதல்ல வரைய சொல்வேன், பறவைய இல்ல, ஏரிய குறுக்க வெட்டுன மாதிரி ஒரு படம், அப்பறம் யாரு எங்க நின்னாங்கன்னு அது மேல குறிக்கணும். ப்ராஜெக்ட்ல பாதி அதுலயே முடிஞ்சிடும்.

நேரம் முக்கியம். காலைல ஆறரைக்கு அங்க நிக்கணும் இல்ல சாயங்காலம் நாலரைக்கு மேல. பஸ்ல வர்றதால சாயங்காலத்த புடிங்க, வயல்ல மேயப்போன கூட்டம் எல்லாம் அப்பதான் அடைய வரும், நீங்க ஒரு எடத்துல உக்காந்தா போதும் அதுங்களா தலைக்கு மேல வரும். கடைசி பஸ் மட்டும் கேட்டு வெச்சிக்குங்க.

பைனாகுலர்: 8×42. கடைக்காரன் 10×50, 20×50 எல்லாம் எடுத்து காட்டுவான், பெரிய நம்பர்னா நல்லதுன்னு நெனச்சு மயங்கிடாதீங்க. மொத நம்பர் எத்தன மடங்கு பெருசா தெரியும்கிறது, ரெண்டாவது முன்னாடி இருக்க லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல. மடங்கு ஏற ஏற கை நடுக்கமும் அதே மடங்கு ஏறும், தெரியற பரப்பு சுருங்கும், 12 வயசு புள்ள பறவைய கண்டுபுடிக்கறதுக்குள்ள அது பறந்துடும். ஆனா இந்த தடவைக்கு வாங்காதீங்க, யார் கிட்டயாவது வாங்கிட்டு போங்க, ஸ்கூல் லேப்ல கூட இருக்கும். ஆர்வம் ஒரு வருஷம் தாங்குனா அப்பறம் வாங்கலாம்.

---

ஓய்வு லஸ்கர்:

மே மாசம் போயி ஏரில தண்ணி இல்லைன்னு சொன்ன அம்மாவுக்கு. ஏரி மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான் பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர்டு ஆனவன், மதகு தொறக்கறதும் அடைக்கறதுமே நம்ம பொழப்பு, பறவைய நான் தேடி போனது இல்ல, தண்ணி போன எடத்துக்கு அதுங்க வந்துச்சு நானும் அங்க இருந்தேன் அவ்ளோதான்.

வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடுவாங்க. சில வருஷம் முன்ன பின்ன ஆகும். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், அந்தாண்ட அரியலூர் கரைவெட்டி எல்லாமே இந்த மேட்டூர் தண்ணியும் அப்பறம் ஐப்பசி கார்த்திகை மழையும் நம்பி இருக்க ஏரிங்கதான். தண்ணி வந்து, மழை பேஞ்சு, ஏரி ரொம்பி நிக்கறப்ப கரையோரம் எல்லாம் ஆழம், அப்ப வாத்து இருக்கும், நீர்க்காகம் இருக்கும், கால் நீட்டி நடக்கற ஜாதி கம்மியாதான் இருக்கும், அதுங்க எல்லாம் நடவு வயல்ல நிக்கும். மதகு மூடி தண்ணி எறங்க எறங்கதான் ஏரில சேறு தெரியும், மீனு நத்தை எல்லாம் குறுகுன தண்ணில மாட்டிக்கும், அப்ப பாருங்க கூட்டத்த. தை கடைசில இருந்து மாசி வரைக்கும் ஏரி ஓரம் திருவிழா. சித்திரை வைகாசில காஞ்சிடும். காயறதும் நல்லதுதான், சேறு வெடிச்சு காத்து பூந்தாதான் அடுத்த தண்ணிக்கு மண்ணு ஜீவனோட இருக்கும், வருஷம் பூரா கெண்டி மாதிரி தண்ணி தேங்கி நின்னா அது ஏரி இல்ல தொட்டி.

இன்னொன்னு சொல்லணும், யாருக்காவது கோவம் வந்தா வரட்டும். இப்ப குளம் தூர் வாரறேன்னு ஜேசிபிய விட்டு கரைய செங்குத்தா வெட்டி சுத்தியும் கல்ல பதிச்சு நடைபாதை போட்டு லைட்டு போட்டுடறாங்க. பாக்க அழகாதான் இருக்கு. ஆனா கொக்கு எங்க நிக்கும்? கெண்டைக்கால் ஆழம் இருந்தா நாரை நிக்கும், ரெண்டு வெரல் கட தண்ணி இருந்தா உள்ளான் நிக்கும். எறங்குனதுமே ஆள் முழுகற ஆழம்னா எதுவும் நிக்காது. எங்க ஊர் பக்கம் ஒரு குளத்துல இப்டி பண்ணுனாங்க, தண்ணி முன்ன விட ஜாஸ்தி நிக்குது, மடையான் கூட காணோம். சரிவான கரை வேணும். ஒரு பக்கமாவது சேறும் கோரையுமா விடணும். ஆகாயத்தாமரை வேற விஷயம், அத எடுத்துதான் ஆகணும், அது மூடிட்டா வாத்துக்கு எறங்க எடமே இருக்காது.

---

வேதை உப்புக்காத்து:

ஐயா சொன்னதுக்கு ஒரு கும்புடு.

அக்கா, கோடியக்கரை பத்தி நான் சொல்றேன், நமக்கு வேதாரண்யம்தான், வீட்ல உப்பு பாத்தி இருக்கு. வடுவூரையும் கோடியக்கரையும் ஒரே தராசுல வெக்க முடியாது. வடுவூர் ஒரு ஏரி, 112 ஹெக்டேர், கோடியக்கரை ராம்சார் எடம்னா 38,500 ஹெக்டேர், அதுல காடு இருக்கு, புல்வெளி இருக்கு, உப்பளம் இருக்கு, வேதாரண்யம் சதுப்பு இருக்கு, அந்த கோடில முத்துப்பேட்டை அலையாத்தி காடு வரைக்கும் போகுது. சரணாலயம் 1967லயே ஆச்சு, ராம்சார் 2002ல, தமிழ்நாட்டுலயே மொத ராம்சார் எடம் இதுதான். அதனால இங்க வந்துட்டு பஸ் ஸ்டாப்புல எறங்கி சுத்தி பாத்துட்டு பூநாரை எங்கன்னு கேட்டா காமிக்க முடியாது, அது அங்கேர்ந்து ரொம்ப தூரத்துல சதுப்புக்குள்ள நிக்கும். வனத்துறைல பர்மிஷன் வாங்கி, வண்டி வெச்சு, கூட ஆள் வந்தாதான் உண்டு, முன்னாடியே போன் பண்ணி கேட்டுட்டு வாங்க.

பூநாரைக்கு எதுக்கு உப்புத்தண்ணி புடிக்கிதுன்னு பாப்பா கேட்டா சொல்லுங்க: அது அலகை தலைகீழா தண்ணிக்குள்ள உட்டு நாக்கால தண்ணிய பம்ப் பண்ணி வடிகட்டி திங்கிற ஜாதி, உப்பு கூடுன தண்ணில மீனு கம்மி, அதனால அந்த பொடி எறாலுக்கும் பாசிக்கும் போட்டி கம்மி, அதுவே சாப்பாடு. அந்த சாப்பாட்டுல இருந்துதான் ரோஸ் கலரே வருது. குஞ்சுங்களும் ரெண்டு மூணு வயசு வரைக்கும் உள்ளதுங்களும் சாம்பலும் வெள்ளையுமா இருக்கும். கூகுள்ல இருக்க பஞ்சு மிட்டாய் கலர நெனச்சிட்டு வந்து தூரத்துல ஒரு வெள்ளை கோட்ட பாத்துட்டு "இதானா"ன்னு கேட்டவங்க நெறய பேரு. பறக்கும்போது பாக்கணும், றெக்கை விரிச்சா உள்ள செவப்பும் ஓரம் கருப்பும், அப்ப வாய மூட மாட்டீங்க. மழை நல்லா பேஞ்சு சதுப்புல தண்ணி ஏறுனா ஒரு பக்கம் நிக்கும், கம்மியா இருந்தா இன்னொரு பக்கம் போயிடும், வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை மாறும். காலைல ஒம்பது மணிக்கு மேல உப்பளத்துல கானல் அடிக்கும், எவ்ளோ காஸ்ட்லி பைனாகுலரா இருந்தாலும் எல்லாம் கலங்கி நெளியும், அதனால பொழுது விடிய அங்க இருக்கணும், அதுக்கு முந்தின ராத்திரி இங்க தங்கணும். வனத்துறை விடுதியும் இருக்கு, வேதாரண்யத்துல லாட்ஜும் இருக்கு.

பூநாரை கெடைக்கலன்னாலும் நஷ்டம் இல்லக்கா. கோடியக்காடுன்னு சொல்றது சாதாரண காடு இல்ல, கடலோரத்துல வறண்ட பசுமைமாறா காடு, பாலை மரம் நெறய, வருஷம் பூரா இலை இருக்கும். வடக்கேர்ந்து பறந்து வர்ற சின்ன குருவிங்களுக்கு கடலுக்கு முன்னாடி கடைசி நெழல். இலங்கை போறதுங்களும் இங்க எறங்கி தின்னு தெம்பேத்திட்டு போகும். ஆறுமணிக்குருவி அக்டோபர்ல வந்து எறங்கும், விடியக்காலைலயும் பொழுது சாயறப்பவும் ரெண்டு கட்டையா விசில் அடிக்கும், சருகு கெளறிட்டு தரையில நடக்கும், பச்சை நீலம் செவப்பு எல்லா கலரையும் ஒரே குருவி மேல கொட்டுன மாதிரி இருக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆளுங்க இங்க ரொம்ப வருஷமா பறவைக்கு காலுல வளையம் போட்டு வுடறாங்க, சலீம் அலி அய்யாவே இங்க வந்து வேல பாத்த எடம். வெளிமான் கூட்டத்த புல்வெளில ஈசியா பாக்கலாம். மட்டக்குதிரைங்களும் மேயும், அதுங்க காட்டுக்குதிரை இல்ல, எப்பவோ மனுசன் வளத்து விட்டது, மானு மேயற புல்லத்தான் அதுவும் மேயுது, அந்த பஞ்சாயத்து தனி.

வர்றதுக்கு: திருத்துறைப்பூண்டில இருந்து வேதாரண்யம் பக்கத்துல இருக்க அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 2023ல அகல ரயில் பாதை மறுபடி விட்டாங்க, 37 கிலோமீட்டர், ஜன்னல் ஓரம் புடிச்சீங்கன்னா அதுவே ஒரு டூர், வயல் முடிஞ்சு உப்பளம் ஆரம்பிக்கறது கண்ணுக்கு முன்னாடி மாறும். பஸ்ஸும் இருக்கு.

---

லென்ஸ் மாப்ள:

ஆறுமணிக்குருவி வேணும்னா ஒரு ட்ரிக் இருக்கு சிஸ்டர். போன்ல மெர்லின் ஆப் போட்டுக்குங்க, அதுல அந்த குருவி சத்தம் இருக்கு, ப்ளே பண்ணுனா ரெண்டு நிமிஷத்துல முன்னாடி வந்து நிக்கும், நல்ல போட்டோ கெடைக்கும். ப்ராஜெக்ட்டுக்கு சூப்பரா இருக்கும்.

---

வேதை உப்புக்காத்து:

மாப்ள, அத செய்யாதீங்க, புள்ளைக்கு சொல்லியும் குடுக்காதீங்க. சத்தம் போட்டா அது வர்றது உங்கள பாக்க இல்ல, தன் எடத்துல வேற ஒருத்தன் பூந்துட்டான்னு சண்டைக்கு வருது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பறந்து வந்து மெலிஞ்சு போயி தீனி பொறுக்கிட்டு இருக்க குருவி அது, ஒரு நாளைக்கு பத்து பேரு இதே மாதிரி கூப்டா அது எப்ப திங்கும். இங்க காவலருங்களும் பாத்தா திட்டுவாங்க. ஆப்ப கேக்கறதுக்கு வெச்சிக்குங்க, மரத்துல ஏதோ கத்துதுன்னா ஆன் பண்ணுனா பேர சொல்லும், அதையும் அப்டியே நம்பாம கண்ணால பாத்து உறுதி பண்ணணும். கூட்டுகிட்ட போயி இலைய விலக்கி படம் எடுக்கறதும் இதே கேஸ்தான்.

---

லென்ஸ் மாப்ள:

ஓகேண்ணே. எல்லாரும் செய்றாங்கன்னுதான் சொன்னேன். இனி மூங்கில் புதர்ல காத்திருந்து எடுக்கறேன், கொசு கடிச்சாலும் பரவால்ல.

---

நடவுக்காரி (வலங்கைமான்):

எல்லாரும் பஸ்ஸு ரயிலுன்னு சொல்லிட்டீங்க. அந்த ரெண்டு நாளுக்கு முன்னாடி ஒரு காலைல உங்க ஊர் வயல் வரப்புல கொண்டு போயி அந்த புள்ளைய நிறுத்துங்க. காசு செலவு இல்ல. இந்த டெல்டாவே ஒரு பெரிய சதுப்பு நெலம்தாங்க, நாமதான் அதுல நெல்லு போட்டிருக்கோம்.

கொக்குன்னு ஒரே பேர்ல சொல்றோமே, அதுல எத்தன ரகம்னு அங்கயே கத்துக்கலாம். மாடு பின்னாடியும் டிராக்டர் பின்னாடியும் ஓடுற வெள்ளை, மஞ்ச அலகு, கழுத்து குட்டை, அது உண்ணிக்கொக்கு, பூச்சி புடிக்க வருது. அலகும் காலும் கருப்பு, ஆனா பாதம் மட்டும் மஞ்சளா இருந்தா அது சின்னக் கொக்கு, தண்ணில கால ஆட்டி ஆட்டி மீன கலைக்கும். ஆளு ஒசரம், கழுத்துல கோணலா ஒரு முடிச்சு இருந்தா பெரிய கொக்கு, அது கெட்டிக்காரன், அசையவே அசையாது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, அது எங்களுக்கே கொழப்பும். மண்ணு கலர்ல வாய்க்கா ஓரம் உக்காந்திருக்கும், பறந்தா திடீர்னு வெள்ளையாயிடும், அது மடையான். நாலு வகை தெரிஞ்சிகிட்டு வடுவூர் போனா அங்க குழம்பாது, இல்லன்னா எல்லாம் வெள்ளையாதான் தெரியும்.

நத்தை குத்தி நாரைய பாக்க சொல்லுங்க, அலகு ரெண்டும் நடுவுல சேராது, சந்து இருக்கும். வயல் நத்தைய ஓடு ஒடையாமயே உள்ள இருக்க சதைய உருவி எடுத்துடும். நடவு பண்ண இளம் பயிர நத்தை கடிக்கும், அதனால இது எறங்குனா எங்க வீட்டுல யாரும் வெரட்ட மாட்டோம். காலு பட்டு நாத்து சாயுதுன்னு சில பேரு வெரட்டுவாங்க, அது ஒரு வாரம்தாங்க, பயிர் வேர் புடிச்சா ஒண்ணும் ஆகாது. கெட்டது எதுன்னா குருணை மருந்து போட்ட வயல்ல இருந்து தின்னுட்டு அதுங்க படுத்துடறது. அதையும் ப்ராஜெக்ட்ல எழுத சொல்லுங்க, சரணாலயத்துக்குள்ள கூடு கட்டுனாலும் சாப்பாடு எங்க வயல்லதான், உள்ள மட்டும் வேலி போட்டா போதாது. ரோட்டோரத்துல கொக்கு மடையான் புடிச்சு விக்கிறானுங்க, அது குத்தம், 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு, வாங்காதீங்க, பாத்தா வனத்துறைக்கு சொல்லுங்க.

அப்பறம் பனைமரத்த மறந்துடாதீங்க. காஞ்சு தொங்கற ஓலைக்கு அடியில பனை உழவாரன் கூடு ஒட்டி வெச்சிருக்கும், எச்சிலால ஒட்டுறது. ஓலை நுனில தூக்கணாங்குருவி கூடு ஊஞ்சலாடும், மழை சீசன்ல கட்டுனது, ஜனவரில காலியா இருக்கும் ஆனா பாக்கலாம். பனைய வெட்டிட்டு அந்த குருவி போச்சேன்னு அழுவுறதுல அர்த்தம் இல்ல.

---

பாவுநூல் (திருபுவனம்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. உக்காந்து எல்லாத்தையும் அவளுக்கு படிச்சு காமிச்சேன், லஸ்கர் ஐயா எழுதுனத நோட்டுல காப்பி பண்ணிக்கிட்டா, தொட்டின்னு சொன்னத மட்டும் ரெண்டு தடவ படிக்க சொன்னா.

இப்ப ப்ளான்: இந்த ஞாயித்துக்கெழம காலைல எங்க ஊர் வயல். பொங்கல் லீவுல ஒரு நாள் வடுவூர் சாயங்காலம், அன்னைக்கு ராத்திரி மன்னார்குடில எங்க நாத்தனார் வீட்டுல தங்கிட்டு மறுநாள் வேதாரண்யம் போலாமான்னு யோசிச்சோம், ஆனா விடிய அங்க இருக்கணும்னு சொல்றீங்க, அது முடியாது போல. கோடியக்கரைய மாசில ஒரு சனி ஞாயிறு தனியா வெச்சிக்கலாமா? அப்ப பூநாரை இருக்குமா?

அவ ரெண்டு கேள்வி கேட்டா. நீர்க்காகம் ஏன் றெக்கைய விரிச்சு காய வெக்கிது, வாத்து ஏன் அப்டி செய்யல? அப்பறம் ரெண்டாவது நாள் மன்னார்குடி பக்கத்துலயே வேற எங்க போலாம்?

---

மன்னை ஆள்காட்டி:

நல்ல கேள்விமா. வாத்து றெக்கைல எண்ணெய் பூசிக்கும், தண்ணி ஒட்டாது, அதனால மெதக்கும். நீர்க்காகத்தோட றெக்கை வெளிப்பக்கம் சீக்கிரம் நனைஞ்சிடும், காத்து வெளியேறி ஒடம்பு கனமாயிடும், அப்பதான் முங்கி மீன தொரத்த முடியும். முங்கி முங்கி நனைஞ்சப்பறம் பறக்கறதுக்கு காய வெச்சுதான் ஆகணும். பாம்புத்தாராவும் அப்டிதான், அது நீந்துறப்ப ஒடம்பு பூரா தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கும், பாத்தா பாப்பா பயந்துடப்போவுது.

ரெண்டாவது நாளுக்கு உதயமார்த்தாண்டபுரம் போங்க. மன்னார்குடில இருந்து திருத்துறைப்பூண்டி வந்து முத்துப்பேட்டை பக்கம் போற வழி. அதுவும் 2022ல ராம்சார் ஆனதுதான், ஆனா வடுவூர் மாதிரி இல்ல, சின்ன எடம், ஏரிக்குள்ள நாட்டுக்கருவேல மரம் நிக்கும், அது மேல நத்தை குத்தி நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் அடுக்குமாடி மாதிரி கூடு வெக்கும். சுத்தி தண்ணி இருக்கறதால நாய், கீரி, மனுசன் யாரும் சுலபமா போக முடியாது, அதான் அந்த மரத்துக்கு அவ்ளோ கிராக்கி. ஒரு நாள் மேய்ச்சல் எடம் ஒரு நாள் கூடு வெக்கற எடம்னு ஆயிடும், ப்ராஜெக்டுக்கு அருமையா அமையும். மூக்க மட்டும் பொத்திக்குங்க, எச்ச நாத்தம் பலமா இருக்கும். அந்த எச்ச விழுந்த தண்ணி வயலுக்கு போனா உரம்னு அந்த பக்கத்து ஆளுங்க சொல்வாங்க. குடை கொண்டு போங்க, வெயிலுக்கு இல்ல.

பொங்கல் சமயத்துல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவை கணக்கெடுப்பு நடக்கும், எந்த எடத்துல வேணாலும் நின்னு 15 நிமிஷம் பாத்த பறவையெல்லாம் எண்ணி இபேர்ட் சைட்ல ஏத்தலாம். வயல்ல நின்னு கூட செய்யலாம். அவ பேர்ல இல்லாம உங்க பேர்ல ஒரு கணக்கு தொடங்கி அவள எண்ண வெச்சு ஏத்துங்க, டீச்சருக்கு காட்ட ஒரு ஆதாரமும் ஆச்சு.

---

வேதை உப்புக்காத்து:

மாசி சரியா இருக்கும்க்கா, தாராளமா வாங்க. மார்ச் நடுவுல இருந்து உள்ளான் ஜாதி எல்லாம் வடக்க கெளம்ப தயாராகும், கெளம்பறதுக்கு முன்னாடி சில உள்ளானுங்களுக்கு நெஞ்சு செவப்பாவும் வயிறு கருப்பாவும் கல்யாண டிரஸ் மாதிரி மாறும், அத பாக்கறதுக்குன்னே ஆளுங்க வருவாங்க. பூநாரை அந்த வருஷ தண்ணிய பொறுத்து, கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இங்கயே கேளுங்க, எந்த பக்கம் நிக்கிதுன்னு நான் பாத்து சொல்றேன். செவப்பு மஞ்ச டிரஸ் வேணாம், பச்சை இல்ல காக்கி கலர்ல போட்டு விடுங்க. தண்ணி பாட்டில் ரெண்டு ஜாஸ்தியா, உப்பளத்துல கடையே கெடையாது.

---

ஓய்வு லஸ்கர்:

பொண்ணு என் எழுத்த காப்பி பண்ணுச்சுன்னு கேட்டு சந்தோசம்மா. வடுவூர் போறப்ப மதகு எந்த பக்கம் இருக்குன்னு பாக்க சொல்லுங்க. தண்ணி உள்ள வர்ற வாய்க்கா வாயில சின்ன மீனு சேரும், அங்க கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே எடத்துல அந்தரத்துல றெக்கை அடிச்சிகிட்டு நிக்கும். வேற எந்த மீன்கொத்தியும் நம்ம பக்கம் இந்த அளவுக்கு அப்டி நின்னு பாத்து விழாது.

---

கரை ஓரத்தான் (அரியலூர்):

நடுவுல பூந்துட்டேன், மன்னிக்கணும். யாராவது இந்த வருஷம் கரைவெட்டி போனீங்களா? பட்டைத்தலை வாத்து வந்துடுச்சா? தஞ்சாவூர்ல இருந்து பைக்ல வரலாம்னு ப்ளான், 2024ல ராம்சார் ஆனதுக்கு அப்பறம் உள்ள பைக் விடறாங்களா?

---

மன்னை ஆள்காட்டி:

வாத்து எப்பவும் டிசம்பர் ஜனவரிக்குள்ள வந்துடும், இமயமலைய தாண்டி வர்ற ஆளு, ஒரு வாரம் முன்ன பின்ன ஆனா பொறுத்துக்கணும். ஏரி 450 ஹெக்டேருக்கு மேல, பெருசு, வாத்து தூரத்துல நடு ஏரிலதான் நிக்கும், சாயங்காலம் வயலுக்கு மேய கெளம்பறப்ப பாத்தீங்கன்னா தலைல ரெண்டு கருப்பு பட்டை நல்லா தெரியும். பைக்க கேட்டுலயே போட்டுட்டு கரை மேல நடந்து போங்க, அதான் நல்லது, சத்தம் கேட்டா மொத ஆளா அதுதான் கெளம்பும்.